ஜெர்மன் மொழியில் தங்கிவிட்ட நம் கடிதங்கள்

விசைத்தறியின் ஓசை ஓயாத பள்ளிபாளையத்திலும் அண்மை ஆண்டுகளில் ஜெர்மன் சொற்கள் செவியில் விழத் தொடங்கியுள்ளன. செவிலியர் படிப்பை முடித்த இளையோர் அந்நாட்டு மருத்துவமனைகளை நாடி அம்மொழியைக் கற்கின்றனர். பி1, பி2 எனப்படும் இடைநிலைத் தேர்வுகளில் தேறிவிட்டால் வழி திறக்கும். தேறியதும் பாடநூல் மூடப்படும். இதில் குறை காண்பதற்கில்லை. தறிக்கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரின் நெடுநாள் ஏக்கம் அது. ஆயினும் பாடநூலை மூடும் அந்த இடத்தில்தான் நம் சொந்த வரலாற்றின் வாசல் ஒன்று இருக்கிறது.

1706 ஜூலை 9 அன்று, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர் வந்திறங்கினார். லுத்தரன் சபையைச் சார்ந்த அவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கத்தோலிக்க மறைப்பணியாளர் இயற்றிய தமிழ் ஏடுகளும் அவர் கைக்குக் கிட்டின. அவற்றின் சொல்வளத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார். பின்னாளில் வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரோடு நிகழ்த்திய சொற்போரை மட்டுமே அறிந்த நம்மவர், இந்தக் கடனையும் அறிந்திருப்பது நன்று.

1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தமிழ் அன்பர்கள் பலருக்குக் கேள்விகள் எழுதியனுப்பினர். கடவுள், வழிபாடு, கல்வி, குடும்ப வழக்கங்கள் எனப் பலவற்றைப் பற்றியும் பதில்கள் வந்தன. கிறிஸ்தவர்கள் எனச் சொல்லிக்கொண்ட ஐரோப்பியரின் குடியையும் நடத்தையையும் நம் முன்னோர் அவற்றில் தயங்காமல் இடித்துரைத்தனர். குருவானவனாகிய எனக்கு அந்தப் பகுதிகளே மிகவும் பயன்தருவன. இவ்வாறு வந்தவற்றுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஹாலே நகரில் 1714இலும் 1717இலும் அச்சேறின. தமிழ் மூலங்கள் இன்று இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாதாரணத் தமிழர் தம் வாயால் சொன்னவை ஜெர்மன் உடையில் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. ஆங்கிலப் பெயர்ப்புகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றிலிருந்து தமிழாக்கினால், இரண்டு மொழிகளைச் சுற்றிவந்த நம் பேச்சே நமக்கு அந்நியமாகிவிடும்.

இடைநிலை ஜெர்மனைக் கண்டு தமிழ் மாணவர் அஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ‘சிறுமி’ என்ற சொல்லைப் பெண்பாலில் சேர்க்காமல் அஃறிணை போல் நடத்தும் பால் பாகுபாடு முதலில் திகைக்கவைக்கும். ஆனால் துணை வாக்கியங்களில் வினைச்சொல் நம் மொழியைப் போலவே இறுதியில் வந்து நிற்கிறது. ‘அவரால் எழுதப்பட்ட நூல்’ என நாம் பெயருக்கு முன்னே எச்சத்தை அடுக்குவதைப் போல அவர்களும் அடுக்குவர். ஆங்கிலேயருக்குத் தலைசுற்றும் இடம் இது. பிறர் கூற்றை, அதற்குத் தான் பொறுப்பேற்காமல் எடுத்துரைக்க அவர்களுக்குத் தனி வினைவடிவம் உண்டு. நாம் ‘வந்தாராம்’ என்று ஓர் ‘ஆம்’ சேர்த்து முடித்துவிடுகிறோம். இவையெல்லாம் இடைநிலையில் கற்பிக்கப்படுபவையே. இவற்றோடு அக்காலத்து முறுக்கெழுத்தையும் சில வாரங்கள் பழகினால் ஹாலே அச்சுப் பிரதிகளைத் தட்டுத்தடுமாறியேனும் படிக்கலாம்.

படிப்பவர் இல்லையேல் நேர்வது என்ன என்பதையும் சீகன்பால்கின் நூலொன்றே காட்டும். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை அவர் 1713இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். மறைபரப்பச் சென்றவர் பிற சமயக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கிருந்த பெரியவர்கள் முகஞ்சுளித்தனர். நூல் கிடப்பில் கிடந்தது. 1719இல் சீகன்பால்கு இறந்தார். வில்லெல்ம் கெர்மான் அதைப் பதிப்பித்தபோது ஆண்டு 1867. அச்சான ஊர் சென்னை.

தரங்கம்பாடிக் கையெழுத்துகளுள் பல ஹாலேயிலுள்ள பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் இன்றும் உள்ளன. பெர்லினிலிருந்து ரயிலில் சென்றால் அவ்வூர் ஏறத்தாழ ஒன்றேகால் மணிப் பயணம். நம்மூர்ச் செவிலியர் ஒருவருக்கு ஒரு விடுமுறை நாள் போதும்.