அச்சில் தங்கிய வண்டிகள்

எயர்ஃபிக்ஸ் என்றதும் இங்கிலாந்தில் வளர்ந்தவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் விமானம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கொம்பனி செய்த முதல் மொடல் ஓர் உழவு இயந்திரம். 1949ஆம் ஆண்டு, ஹரி பெர்குசனின் ட்ரக்டர் கொம்பனி தன் விற்பனையாளர்கள் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஒரு சிறிய மாதிரி வேண்டும் என்று கேட்டது. உண்மையான இயந்திரத்தைப் பண்ணை பண்ணையாக ஓட்டிச் செல்வது ஆகிற காரியமா? பைக்குள் அடங்கும் ட்ரக்டர் என்றால் விவசாயியின் சாப்பாட்டு மேசையில் வைத்தே வியாபாரம் பேசலாம்.

அதைச் செய்து கொடுத்தவர் நிக்கொலஸ் கோவ். ஹங்கேரியில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் லண்டன் வந்து சேர்ந்தவர். 1939இல் காற்றடைத்த ரப்பர் விளையாட்டுப் பொருட்களோடு தொழில் தொடங்கினார். போர் முடிந்ததும் சீப்புக்கு மாறினார். சீப்புச் செய்ய அவர் வாங்கிய இயந்திரம், உருகிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தில் உருக்கு அச்சுக்குள் செலுத்தும் வகையைச் சேர்ந்தது. அச்சை மாற்றினால் அதே இயந்திரம் சீப்புக்குப் பதிலாக ட்ரக்டரின் பாகங்களைத் தள்ளும். ஆனால் சீப்பு ஒரே துண்டு. ட்ரக்டருக்குப் பல துண்டுகள். ஆட்களை வைத்து அவற்றைத் தொழிற்சாலையில் ஒட்டுவது பெரிய மினக்கேடாக இருந்தது. கடைசியில் துண்டுகளை ஒட்டாமலே பெட்டியில் போட்டு விற்றார்கள். தொழிற்சாலையின் கடைசி வேலை வாங்குபவரின் கைக்கு மாறியது. 1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பாய்க்கப்பல் வூல்வர்த் கடைகளுக்கு இரண்டு ஷில்லிங் விலையில் வந்தது. அதன்பின் எயர்ஃபிக்ஸைத் தெரியாத வீடு அந்த நாட்டில் குறைவு.

அந்த முதல் மாதிரிக்கு மூலமான டிஇ20 என்ற சாம்பல் நிற ட்ரக்டர், கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1953இல் பெர்குசன் கொம்பனி கனடாவின் மெசி ஹரிஸ் கொம்பனியோடு இணைந்தது. 1960இல் மெசி பெர்குசனின் கூட்டோடு சென்னையில் டாஃபே தொடங்கியது. மெசி பெர்குசனை எங்களில் பலருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வன்னியில் வயல் உழுதது அது. இடம்பெயர்ந்த நாட்களில் ஒரு குடும்பத்தின் சட்டி பானை முழுவதையும் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் அது. அந்தப் பரம்பரையின் மூத்தது எயர்ஃபிக்ஸின் முதல் அச்சில் இருக்கிறது. ஆனால் அச்சில் இருப்பது விற்பனையாளரின் பையிலிருந்த ட்ரக்டர். அதில் சேறு படவில்லை; அதன் பின்னால் யாரும் பெட்டி பூட்டவில்லை.

பல வருடங்களாக நான் இந்தப் பெட்டிகளைச் சேர்த்து வருகிறேன். பாதியைப் பொருத்தியிருக்கிறேன், மீதி அலுமாரியில் கிடக்கிறது. கார், லொறி மொடல்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது மேற்சொன்ன இடைவெளிதான். அச்சு ஒரு வண்டியை அது விற்பனைக்கு வந்த நாளில் பிடித்து வைக்கிறது. அதற்குப் பிறகு அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கைக்கு அச்சு பொறுப்பில்லை.

இது மிகத் தெளிவாகத் தெரியும் இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். 1948இல் வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் ஏஎம்டி என்ற கொம்பனியைத் தொடங்கினார். அலுமினிய மொடல் விளையாட்டுப் பொருட்கள் என்பதன் சுருக்கம் அது. முதலில் செய்தது அலுமினியத்தாலான ஃபோர்ட் கார். விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதே வட்டாரத்தில் ஜோன் ஹான்லி நடத்திய ஜோ-ஹான் இருந்தது. இவர்களுடைய முதல் வாடிக்கையாளர்கள் சிறுவர்கள் அல்லர். டிட்ராய்ட் நகரத்துக் கார்க் கொம்பனிகள். புதிய கார் கடைக்கு வரும்போது அதே காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவான மாதிரியும் கூடவே வரும். உண்மைக் காரின் நிறங்களே மாதிரிக்கும். தகப்பன் விலை பேசும் நேரத்தில் பிள்ளையின் கையில் அது இருக்கும். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோனால், தகப்பன் மனதில் கார் இன்னும் சில நாள் ஓடும்.

இந்தத் தந்திரத்தால் வரலாற்றுக்கு ஒரு நன்மை கிடைத்தது. மாதிரி சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கார்க் கொம்பனிகள் தங்கள் வரைபடங்களை மொடல்காரர்களிடம் கொடுத்தன. விளையாட்டுப் பொருளுக்கு அளவு கொஞ்சம் முன்பின் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? விற்பனைப் பொருளுக்குக் கேட்பார்கள். பொறிமுகப்புக் கம்பிகளின் எண்ணிக்கை, பின்விளக்கின் வளைவு, இருக்கைத் துணியின் கோடு என்று எல்லாம் மூலத்தைப் பார்த்தே வெட்டப்பட்டன. குறை இருந்தது பிளாஸ்டிக்கில்தான். ஆரம்ப கால அசிற்றேற் வகை வருடங்கள் போகப்போகச் சுருங்கி நெளியும். இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் 1950களின் மாதிரிகளில் பல, வெயிலில் விட்ட அப்பளம்போல முதுகு வளைந்து நிற்கின்றன. பின்னால் வந்த பொலிஸ்டைரீன் அந்தக் குறையைத் தீர்த்தது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு: அதற்கான திரவப் பசை இரு துண்டுகளின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஒட்டு என்பதைவிட உருக்கிணைப்பு என்று சொல்லலாம். அதனால்தான் மொடலில் ஒருமுறை பொருத்தியதைப் பிரிப்பது கடினம்.

1958இல் ஏஎம்டி அதே அச்சுகளைக் கொண்டு பொருத்தும் பெட்டிகளை வெளியிட்டது. ஒரு பெட்டியில் மூன்று கார் என்பது விளம்பரம்: கடையில் கிடைக்கும் வடிவில் செய்யலாம், ஓட்டப் பந்தயக் காராகச் செய்யலாம், அல்லது இளைஞர்கள் வெட்டி ஒட்டி அழகுபடுத்தும் காராகவும் செய்யலாம். மேலதிக பாகங்கள் உள்ளேயே இருக்கும். போருக்குப் பிந்திய அமெரிக்காவில் பழைய காரைக் குறைந்த விலைக்கு வாங்கி இயந்திரத்தை மாற்றி ஓட்டுவது இளைஞர்களின் பெரும் மோகம். கார் வாங்கும் வயதை எட்டாத பிள்ளைக்கு அந்த மோகம் அட்டைப்பெட்டியில் கிடைத்தது. 1963இல் ரெவெல் கொம்பனி, எட் ரோத் என்ற கார்க் கலைஞரின் ‘ராட் ஃபிங்க்’ எலி உருவத்தையே மொடலாக விற்றது.

ஆனால் அச்சு என்பது விலையுயர்ந்த பொருள். உருக்கைக் கடைந்து, தேய்த்து, மினுக்கிச் செய்வது. டிட்ராய்ட் வருடாவருடம் காரின் முகத்தை மாற்றியது. மொடல்காரர்கள் வருடாவருடம் புது அச்சு வெட்டக் கட்டுப்படியாகாது. ஆகவே போன வருட அச்சையே இந்த வருடக் காருக்காகத் திருத்தினார்கள். சில வருடம் கழித்து அதையே பந்தயக் காராக்கினார்கள். 1964ஆம் ஆண்டுக் காரை வெட்டியபோது 1963ஆம் ஆண்டுக் கார் அந்த உருக்கிலிருந்து போய்விட்டது. எழுதிய பலகையை அழித்து மறுபடி எழுதுவதுபோலத்தான். பல பழைய மொடல்களை இன்று மறுபதிப்புச் செய்ய முடியாததற்கும், அவற்றின் திறக்காத பெட்டிகள் ஏலத்தில் பெரும் விலைக்குப் போவதற்கும் இதுவே காரணம்.

சில வேளைகளில் இது தலைகீழாகவும் நடந்தது. உண்மைக் கார் அழிந்து மொடல் மிஞ்சியது. 1963இல் கிறைஸ்லர் கொம்பனி, விமான இயந்திரத்தின் வழியில் அமைந்த டர்பைன் இயந்திரம் பூட்டிய ஒரு காரை வெளியே விட்டது. இத்தாலியின் கியா நிறுவனம் உடலைச் செய்தது. பரிசோதனைக் கார்களோடு சேர்த்து மொத்தம் 55 கார்கள். அவற்றில் 50 கார்கள் 1966 வரை 203 பேரிடம் முறைவைத்து ஓட்டக் கொடுக்கப்பட்டன. டீசல், மண்ணெண்ணெய் என்று பல எரிபொருளிலும் ஓடும் என்பது அதன் பெருமை. திட்டம் முடிந்ததும் கிறைஸ்லர் 46 கார்களை அழித்தது, ஒன்பதே மிஞ்சின. ஜோ-ஹான் அந்தக் காருக்கு ஒரு மொடல் செய்திருந்தது. இயந்திரமும் உட்புறமும் அந்தக் காலத்துக்கு வியப்பான நுணுக்கத்தோடு அமைந்த மொடல். உண்மைக் காரை முறைவைத்து வாங்கி ஓட்ட வாய்த்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். அதன் ஒவ்வொரு பாகத்தையும் தன் கையால் பொருத்திப் பார்த்த சிறுவர்கள் அதைவிட எவ்வளவோ அதிகம். பின்னாளில் ஜோ-ஹான் நொடித்து, அதன் அச்சுகள் கைமாறி, சில பழுதாகி, சில எங்கே என்று தெரியாமற் போயின.

லொறிகள் பிந்தி வந்தன. 1970ஐ ஒட்டி ஏஎம்டி, பீற்றர்பில்ட் 359 என்ற நீள்மூக்கு இழுவை லொறியை வெளியிட்டது. காரில் உடலின் அழகு முதலில் வரும். லொறியில் எலும்பு முதலில். இரண்டு நீண்ட சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், வில்தகடுகள், அச்சுத்தண்டுகள், காற்றுத் தாங்கிகள், இழுவைத் தட்டு என்று அடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் சாரதியின் அறை கடைசியில்தான் வரும். ஒரு லொறி எப்படி எடையைச் சுமக்கிறது என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஜப்பானில் கதை வேறு விதமாக நடந்தது. டமியா, ஹசெகாவா, அஓஷிமா, புஜிமி ஆகிய நான்கும் ஷிசுஓகா வட்டாரத்துக் கொம்பனிகள். மரவேலைக்குப் பெயர்போன ஊர் அது. டமியாவும் 1946இல் மரக்கடையாகத் தொடங்கி, மரமொடல் வழியாகவே பிளாஸ்டிக்குக்கு வந்தது. போர்ஷே காரை மொடலாக்க முனைந்தபோது, விபரம் போதவில்லை என்று ஷுன்சாகு டமியா ஒரு போர்ஷே 911ஐ விலைக்கே வாங்கிக் கழற்றிப் பார்த்தார். 1976இல் வந்த போர்ஷே 934 மொடல் அப்படிப் பிறந்தது.

அஓஷிமா செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. ஜப்பானிய லொறிச் சாரதிகள் சிலர் தங்கள் வண்டியை நூற்றுக்கணக்கான விளக்குகளாலும் மினுங்கும் தகடுகளாலும் ஓவியங்களாலும் அலங்கரிப்பார்கள். 1975 முதல் 1979 வரை வந்த ‘டொரக்கு யாரோ’ திரைப்பட வரிசை அவர்களை நாடறியச் செய்தது. அஓஷிமா அந்த லொறிகளுக்கு மொடல் வெளியிட்டது. இங்கே அச்சில் ஏறியது தொழிற்சாலை விற்ற லொறி அல்ல. சாரதி வாங்கி, உழைத்து, சோடித்த லொறி. இந்த வரலாற்றில் வெகு அபூர்வமான விலக்கு அது. நாமக்கல்லில் தச்சர்களும் ஓவியர்களும் உடல் கட்டி, கண்பட்டுவிடாமல் பொம்மை முகம் தீட்டி அனுப்பும் லொறிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விலக்கு நினைவுக்கு வரும். அப்படியொரு மொடல் பெட்டி இதுவரை என் கண்ணில் படவில்லை.

1970களின் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கின் விலையை ஏற்றியது. பிள்ளைகளின் நேரம் மின்னணு விளையாட்டுகளுக்குப் போனது. 1978இல் ஏஎம்டியை இங்கிலாந்தின் லெஸ்னி வாங்கியது. 1981இல் எயர்ஃபிக்ஸின் தாய் நிறுவனம் முறிந்தது. 2006இல் எயர்ஃபிக்ஸ் ஹோர்ன்பியின் கைக்கு வந்தது. கொம்பனிகள் விழுந்தாலும் அச்சுகள் சொத்தாகக் கைமாறின. இன்று பழைய அச்சிலிருந்து புதிய பெட்டி வரும்போது பொருத்துபவர்களுக்குக் கொண்டாட்டம். மூலப் பெட்டியை முத்திரை உடையாமல் வைத்திருந்த சேகரிப்பாளர்களுக்கு விலை இறங்கிய கவலை. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. திறக்காத பெட்டி ஒரு காலத்தின் சாட்சி. ஆனால் அதற்குள் இருப்பது கார் அல்ல, காரின் சாத்தியம் மட்டுமே. நான் திறப்பவர்களின் பக்கம்.

என் மேசையில் இப்போது இருப்பது எயர்ஃபிக்ஸ் செய்த மொறிஸ் மைனர். முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளம். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் பல பத்தாண்டுகள் ஓடிய கார் இது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிறைஸ்லர் பெரும் பணம் கொட்டிச் செய்த சாதனையை எங்கள் மெக்கானிக்குகள் ஒழுங்கையோரக் கராஜ்களில் வேறு வழியில்லாமல் செய்தார்கள். அந்தக் காருக்கு எவரும் அச்சு வெட்டவில்லை. வெட்டவும் மாட்டார்கள், அதை விற்க யாருமில்லை.

பெட்டியில் இருப்பது காட்சிசாலையில் நின்ற மைனர். மற்றதை நான்தான் சேர்க்கவேண்டும். துருவுக்கு மண்ணிறப் பூச்சு. கூரைமேல் தாங்கி, அதற்குச் செப்புக் கம்பி. தாங்கியில் கட்டிய பாய்க்கும் பைக்கும் காகிதமும் நூலும். இயந்திரத்தின் அருகே, நெல்மணியளவில், ஒரு சிறிய போத்தல். அந்தப் போத்தல் எங்கே கட்டப்பட்டிருந்தது, எந்த உயரத்தில், எந்தக் குழாயோடு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு வரைந்துகொள்வதுதான் இப்போது என் வேலை.