வானூர்தியின் அளவு கருவிகளும் பிழை காணும் முறையும்

“கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது தமிழ்மக்களிடை வழங்கும் பழமொழி. நிலத்தில் வாழ்வோர்க்கு அறிவுரையாய் நிற்கும் இம்மொழி, வானிற் பறப்போர்க்கு உயிர்காக்கும் விதியாய் அமைந்துள்ளது. ஆகாயவிமானத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, மனிதன் முதலில் தன் புலன்களை ஐயுறவும், பின்னர் அப்புலன்களுக்குப் பதிலாகத் தான் அமைத்த கருவிகளையே ஐயுறவும் கற்றுக்கொண்டமை புலனாகும். தம் இல்லங்களிலேயே விமானம் கட்டுவோரின் தொழிலில் இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்கும்.

இயந்திர விமானத்தின் தோற்றமே இத்தகைய ஒரு பட்டறையில் நிகழ்ந்தது எனலாம். ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் துவிச்சக்கரவண்டி விற்று வாழ்ந்த வில்பர் றைற், ஒவில் றைற் என்னும் சகோதரர் 1901ஆம் ஆண்டிற் பறக்கவிட்ட சறுக்கு விமானம், கணக்கு உரைத்த அளவு மேலெழவில்லை. அவர்கள் கட்டிய சிறகை மட்டும் ஐயுறவில்லை. கணக்கிற் பயன்பட்ட எண்ணையும் ஐயுற்றனர். காற்றின் அமுக்கத்தைக் கணிப்பதற்கு 0.005 என்னும் எண் பதினெட்டாம் நூற்றாண்டு முதலாக வழங்கிவந்தது. தம் அளவீடுகளைக் கொண்டு அஃது ஏறத்தாழ 0.0033 என அவர்கள் கண்டனர். சிறகின் வடிவங்களை ஒப்பிடுதற்குக் காற்றுச் சுரங்கம் ஒன்றையும் அமைத்தனர். 1903 டிசம்பர் 17ஆந் தேதி பறந்த அவர்களின் விமானத்திற் காற்றின் வேகம் அளக்கும் கருவி, நேரம் அளக்கும் கடிகாரம், இயந்திரத்தின் சுழற்சியை எண்ணும் கருவி என மூன்றே இருந்தன. அவை ஓட்டுநனுக்கு வழிகாட்டுவன அல்ல; நிகழ்ந்ததைப் பதிவு செய்வன. விமானம் சமநிலையில் உளதா என்பதைக் கண்ணும் உடலுமே உணர்த்தின.

முகிலினுட் புகுந்தபோது இவ்வுணர்வு பொய்த்தது. மனிதனின் உட்செவியிலுள்ள நீர்மம் திருப்பத்தின் தொடக்கத்தை உணர்த்துமேயன்றி, ஒரே சீராய்த் தொடரும் திருப்பத்தை உணர்த்தாது. வளைந்து செல்வோன் நேரே செல்வதாக நினைப்பான். விமானத்தை நேர்ப்படுத்தியதும் எதிர்ப்புறம் சுழல்வதாகக் கலங்குவான். 1926ஆம் ஆண்டில் அமெரிக்க விமானி வில்லியம் ஒக்கர் கண் மறைக்கப்பட்டுச் சுழல் நாற்காலியில் அமர்ந்தபோது, பறத்தலில் நெடிய பழக்கமுடைய தாமும் இவ்வாறு ஏமாறுவதைக் கண்டார்.

இதற்கு விடையாக 1929 செப்ரெம்பர் 24ஆந் தேதி நியூயோர்க்குக்கு அண்மையிலுள்ள மிச்சல் விமானத் தளத்தில் ஜேம்ஸ் டூலிற்றில் மூடப்பட்ட அறையில் அமர்ந்து, வெளியே எதனையும் காணாது விமானத்தை மேலேற்றி, திருப்பி, நிலத்தில் இறக்கினார். சுழலும் பம்பரத்தின் தத்துவத்தால் இயங்கிய செயற்கை அடிவானமும் திசைகாட்டியும், நுட்பமான உயரமானியும், வானொலிச் சைகையும் அவர்க்குத் துணைபுரிந்தன. அன்று தொட்டு, புலனை விடுத்துக் கருவியை நம்புக என்பது விமானிகளின் முதற்பாடமாயிற்று.

1953ஆம் ஆண்டில் மில்வோக்கி நகரிற் போல் பொபரெஸ்னி என்பார் விமானம் கட்டும் ஆர்வலர்க்கென ஒரு சங்கம் நிறுவினார். அமெரிக்க விதிப்படி, கல்விக்கும் பொழுதுபோக்குக்குமாகத் தன் விமானத்தின் பெரும்பகுதியைத் தானே கட்டியவன், அதனை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் உரிமைச் சான்றிதழையும் பெறலாம். ஆகவே பிழை செய்தவனும் பிழை காண்பவனும் ஒருவனேயாதல் உண்டு. தன் கைவேலையைத் தானே ஐயுறுதல் எளிதன்று.

1982ஆம் ஆண்டிற் சேவைக்கு வந்த போயிங் 767 விமானத்திற் கருவிமுகங்கள் பலவற்றின் இடத்தை இலத்திரனியல் திரைகள் பெற்றன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய திரைகள் விலை குறைந்து வீட்டு விமானங்களையும் அடைந்தன. பெரிய பம்பரத்தின் வேலையைச் சிலிக்கன் துண்டிற் செதுக்கப்பட்ட, அதிரும் நுண்ணுறுப்புக்கள் செய்கின்றன. இவை சுழற்சி வேகத்தை உணர்த்த, கணினி அதனைத் தொகுத்துச் சாய்வைக் கணிக்கிறது. தொகுக்குந்தோறும் சிறுபிழை பெருகுமாதலின், புவியீர்ப்பின் திசையை உணர்த்தும் ஆர்முடுகல்மானி அதனைத் திருத்துகிறது. திருப்பத்தில் அதுவும் ஏமாறும். ஆதலின் சில கருவிகள் காற்றுவேகத்தையும் துணைக்கொள்கின்றன. அவ்வேகத்தைத் தருவது, பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பிற்றோ 1732ஆம் ஆண்டில் ஆற்றுநீரின் ஓட்டத்தை அளத்தற்கு அமைத்த குழாயின் வழிவந்த எளிய குழாயேயாகும்.

இங்கேதான் பிழைகாண்போன் கருத்தூன்றல் வேண்டும். திரையில் அடிவானம் பொய்யாகச் சாயின், திரையும் கணினியும் பழுதுற்றன என்று முடிவுசெய்தல் இயல்பு. ஆனால் பிற்றோ குழாயின் இணைப்பில் உள்ள சிறு கசிவே காரணமாதல் கூடும். வேகம் பிழைத்தமையாற் கணிப்புப் பிழைத்தது. கணிப்புப் பிழைத்தமையால் அடிவானம் சாய்ந்தது. நோய் ஓரிடம், குறி வேறிடம். நிலையமுக்கக் குழாயையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். உயரமானி 1,000 அடி ஏறிக் காட்டுமளவு காற்றை உறிஞ்சி அடைத்தபின், ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்குதலாகாது என்பது அமுக்கமூட்டப்படாத விமானங்களுக்குரிய அமெரிக்க அளவு.

திசை பிழைப்பின், காந்தமானியின் அருகே இரும்பாணியோ மின்கம்பியோ உளதா என நோக்குக. இயந்திரத்தை நிறுத்தி, விளக்கு, வானொலி, எரிபொருட் பம்பி ஆகியவற்றின் ஆளிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கையில், எந்த ஆளியோடு திசையெண் நகர்கிறதோ அதன் கம்பியே குற்றவாளி. விளக்கேற்றியதும் எண்ணெய் அமுக்கம், வெப்பநிலை, எரிபொருளளவு யாவும் ஒருங்கே மாறுமாயின், மூன்று உணரிகள் ஒரே கணத்திற் கெட்டன எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவற்றுக்குப் பொதுவான புவித்தொடுப்புக் கம்பியின் தளர்ந்த இணைப்பையே முதலில் நாடல் வேண்டும். இயந்திரத்தைத் தொடக்கும்போது திரை அணைந்து மீளுமாயின், அது பெரும்பாலும் மின்கலத்தின் அழுத்தம் தாழ்ந்ததன் விளைவேயாகும். ஒருபோதில் ஒன்றையே மாற்றிப் பயனைக் குறித்துவைத்தல் இச்சோதனைகளுக்கெல்லாம் பொதுவிதி. இரண்டை ஒருங்கே மாற்றியவன், பிழை நீங்கினும் அதன் காரணத்தை அறியான்.

இக்குற்றம் சிறு விமானங்களுக்கே உரியதன்று. 1996 ஒக்ரோபர் 2ஆந் தேதி பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து இரவிற் புறப்பட்ட போயிங் 757 விமானமொன்றின் நிலையமுக்கத் துளைகளை மூடி ஒட்டிய நாடா, விமானத்தைத் துப்புரவு செய்தபின் அகற்றப்படாது விடப்பட்டிருந்தது. உயரமும் வேகமும் பொய்யாயின. முரண்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. விமானிகள் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரிடம் தம் உயரத்தைக் கேட்டனர். அவர் ஏறத்தாழ 9,700 அடி என்றார். அவ்வெண்ணோ, அவ்விமானமே தன் பழுதுற்ற அளவிலிருந்து அனுப்பிய எண்! விமானம் பசிபிக் சமுத்திரத்தில் வீழ்ந்து எழுபதின்மரும் மாண்டனர். வேறொரு சாட்சி என நம்பப்பட்டது, முதற் சாட்சியின் எதிரொலியேயாயிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஒரே குழாயினின்று செய்தி பெறும் இரு திரைகள் இரு சாட்சிகள் ஆகா; ஒரே மின்கலத்தால் இயங்குவனவும் அவ்வாறே. வேறு வழியாக அறிந்து வேறு வலுவால் இயங்குவதே உண்மையான இரண்டாஞ் சாட்சி. இலத்திரனியல் திரைகள் நிறைந்த விமானத்தினும் நீர்மத்தில் மிதக்கும் பழைய காந்தத் திசைகாட்டியை ஒரு மூலையிற் பலர் வைத்திருப்பது இதுபற்றியே. புலனை ஐயுறக் கற்ற தலைமுறை கருவியைத் தந்தது. கருவியை ஐயுறக் கற்பது அதன் வழித்தோன்றல்களின் கடன். அவ்வையம் அச்சத்தாற் பிறத்தல் ஆகாது. இவ்வெண் எங்கிருந்து வந்தது என்னும் வினாவாற் பிறத்தல் வேண்டும். 1901ஆம் ஆண்டில் டேற்றன் நகரத்துச் சகோதரர் வினவியதும் அதுவே.