கவிழ்த்து வைத்த துரும்பு

கெடா தோட்டங்களின் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு காட்சிகளோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்று, துரைமார் கிளப்பில் மாலைநேரப் பிரிட்ஜ்; மற்றது, சம்பளம் போட்ட நாளில் லயத்து வாசலில் காசு வைத்த ஆட்டம். முதலாவது அறிவின் விளையாட்டு, இரண்டாவது குடிகெடுக்கும் சூது என்று பிரித்தும் வைத்துவிட்டோம். இவற்றுக்கு நடுவில், கிராணிமார் வீடுகளுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் உரிய முந்நூற்று நாலு என்ற ஆட்டம் யார் கணக்கிலும் வரவில்லை. பிரிட்ஜில் ஏலத்தை வென்று ஆட்டத்தை நடத்துபவருக்கு வேண்டிய நுட்பம் அந்த ஆட்டத்திலும் இருந்தது. அது கிளப்பிலிருந்து கசிந்து வந்ததும் அல்ல. இதுவே என் வாதம்.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயரிடம் வந்தது. ரயில் பாதை 1918இல் பாடாங் பெசாரை எட்டியது. சுங்கை பட்டாணி, சுங்கை லாலாங், பீடோங் வட்டாரம் பால்மரக் காடானது. மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. கணக்கெழுதவும் ரயில்வே அலுவலகத்தில் உட்காரவும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளும் வந்தார்கள். துரைமாரின் சீட்டு மேசைக்கு இலக்கியச் சாட்சியே உண்டு: தானே பிரிட்ஜில் தோய்ந்தவரான சாமர்செட் மாம், மலாயாவைக் களமாக வைத்து எழுதிய கதை ஒன்றைக் கிளப்பில் நடக்கும் பிரிட்ஜ் ஆட்டத்தோடுதான் தொடங்குகிறார். கிராணியின் மேசைக்கு அப்படி ஒரு எழுத்தாளர் வாய்க்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தவர் குடியேறிய நாடுகளிலெல்லாம் முந்நூற்று நாலும் கூடவே குடியேறியது. மலையாளிகளிடம் அதன் உடன்பிறப்பான இருபத்தெட்டு இருந்தது.

பிரிட்ஜில் ஏலம் முடிந்து எதிர்ப்பக்கம் முதல் சீட்டை இறக்கியதும், ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் 13 சீட்டுகளையும் மேசையில் விரித்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அந்தத் திறந்த கைக்கு டம்மி என்று பெயர். ஏலம் எடுத்தவருக்குத் தன் பக்கத்து 26 சீட்டும் தெரியும். எதிரிகளின் 26 தெரியாது. ஒரு சீட்டைத் தொடுமுன் அவர் கணக்குப் போட வேண்டும்: துரும்பில்லா (துரும்பு என்பது மற்ற இனங்களை வெட்டும் இனம்) ஆட்டமானால் உறுதியாக வெல்லும் சுற்றுகள், அதாவது பிடிகள், எத்தனை, துரும்பு ஆட்டமானால் பறிபோகக்கூடியவை எத்தனை. தன் பக்கம் துரும்பு 8 இருந்தால் எதிரிகளிடம் 5. அவை மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்க 68 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்படியானால் மூன்று சுற்றில் உருவிவிடலாம். ஆனால் டம்மியின் சிறு துரும்பால் வெட்டிச் சேர்க்க வேண்டிய பிடி இருந்தால் அவசரப்பட்டு உருவக்கூடாது. முந்நூற்று நாலில் 32 சீட்டு, நால்வர், இரண்டு கட்சி. முதலில் கைக்கு வருவது நாலே சீட்டு. அதை நம்பி ஏலம் கேட்க வேண்டும். வென்றவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனமே துரும்பு. மீதி நாலு சீட்டு அதன் பிறகுதான் வரும். துரும்பு இன்னதென்று கூட்டாளிக்கும் தெரியாது. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். அதைப் பார்த்துச் சொல்வது ஏலம் எடுத்தவரின் பொறுப்பு. துரும்பை எப்போது வெளிப்படுத்துவது, எதிரி கையில் எத்தனை துரும்பு மிச்சம், கூட்டாளி தயங்காமல் பெரிய சீட்டைப் போடுவதற்கு என்ன பொருள் என்று அவர் ஊகித்தபடியே ஆடுகிறார். பிரிட்ஜ்காரருக்குக் கூட்டாளியின் கை கண்முன் கிடக்கிறது. இவருக்கு அதுவும் ஊகம்தான். சீட்டு குறைவு என்பதால் மூளைக்கு வேலை குறைவு என்று சொல்ல முடியாது.

துரைமாரின் ஏல ஆட்டத்தைப் பார்த்துக் கிராணிமார் செய்துகொண்ட நகல்தான் இது என்று சிலர் சொல்லக்கூடும். ஏலமுறைப் பிரிட்ஜ் 1904 அளவில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடையே உருவானது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜை ஹரால்ட் வாண்டர்பில்ட் அமைத்தது 1925இல். ஆனால் சீட்டின் மதிப்பே நகல் என்ற பேச்சை மறுக்கிறது. பிரிட்ஜில் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்ற வரிசை. முந்நூற்று நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நாலு இனமும் சேர்ந்து 304. ஜாக்கியும் ஒன்பதும் தலைமை தாங்குவதும், ஆஸுக்குப் பதினொன்றும் பத்துக்குப் பத்தும் வருவதும் ஒல்லாந்தரின் ஜாஸ் குடும்பத்து ஆட்டங்களின் அடையாளம். யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது 1658இல். ஆடுதன், கிளாவர் என்று நாம் சொல்லும் இனப் பெயர்களும் ஒல்லாந்தர் மொழியின் எச்சங்களே. ஏலம் கேட்பதும் பிரிட்ஜின் கண்டுபிடிப்பு அன்று. ஐரோப்பாவின் ஓம்பர் ஆட்டத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே அது உண்டு. ஆக இவ்விரு ஆட்டங்களும் ஒன்றுக்கொன்று கடன்படாத தனித்தனி மரபுகள்.

சீட்டாட்டத்தால் தோட்டத்துக் குடும்பங்கள் சீரழிந்தனவே என்ற மறுப்பு இன்னும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. சூதுக்குத் தனி அதிகாரமே வைத்த வள்ளுவர் வழிவந்த சமூகம் இது. 1946, 1947இல் பீடோங் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளரின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றபோது, கூலியை ஊருக்குள்ளேயே உறிஞ்சும் ஏற்பாட்டைத்தான் எதிர்த்தது. காசு வைத்த ஆட்டத்தின் மீதும் அதே கோபம் நியாயமே. ஆனால் கோபத்துக்குரியது பந்தயக் காசு. சீட்டுக்குள் இருக்கும் கணக்கு அன்று. 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் எனத் தீர்ப்பளித்தபோது, அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதில் உள்ளதைப் போன்றதே என்று ஒப்பிட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜுக்குப் பதக்கம் தந்தார்கள்; ஆண்கள் இணை ஆட்டத்தில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றார்கள். அப்போது பர்தனுக்கு வயது 60. ஒரே கைகளை எல்லா மேசைக்கும் மாற்றி மாற்றி அனுப்பி அதிர்ஷ்டத்தை ஒதுக்கும் போட்டிமுறை பிரிட்ஜுக்கு இருக்கிறது. 304க்கும் அதைச் செய்யத் தடையொன்றும் இல்லை.

பிரிட்ஜில் கையை நடத்தும் கலைக்கு லூயி வாட்சன் 1934இலேயே தடித்த நூல் எழுதிவிட்டார். நம் ஆட்டத்துக்கு அச்சில் உள்ளவை பெரும்பாலும் விதிகள்தான். உத்திகள் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இந்நாளில், சுங்கை லாலாங்கிலோ பீடோங்கிலோ இந்த ஆட்டம் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் ஆடும் கைகளைச் சீட்டுச் சீட்டாக எழுதிவையுங்கள்.