கம்பைனர் (ரேடியோ குறிகை இணைப்பி)

பல ரேடியோ குறிகைகளை மின்சுற்றுப் பலகையில் ஒரே தடத்தில் சேர்க்கும் அமைப்பு. தடங்களை வெறுமனே இணைத்துவிட்டால் ஒன்றின் ஆற்றல் மற்றதன் உள்ளீட்டு வாயிலுக்குள் புகுந்துவிடும்.

இத்தகைய தட்டைத் தடத்தை 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கர் ராபர்ட் பாரெட் வளர்த்தெடுத்தார் என்பர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே ரம்சே, ஜேமிசன் இருவரும் அதைக் கையாண்டனர் என்பாரும் உளர். கம்பைனருக்கு 1960இல் எர்னஸ்ட் வில்கின்சன் வெளியிட்ட வடிவமே இன்றும் பாடம்: 50 ஓம் சுற்றில், 70.7 ஓம் கொண்ட இரு கால் அலைநீளத் தடங்கள். வாயில்களுக்கு நடுவே 100 ஓம் மின்தடை. ஒரே அலை, ஒரே கட்டத்தில் இரு வாயில்களிலும் வந்தால் அந்த மின்தடை சும்மா கிடக்கும். அதிர்வெண்கள் வேறுபட்டால் ஒவ்வொன்றிலும் பாதி அதில் வெப்பமாகிவிடும்.

தமிழ்நாட்டில் குறிகைகளைச் சேர்க்கும் இக்கலையின் பெருஞ்சான்று உதகை ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் முத்தொரையில் எழுப்பியது. 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். உதகையின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை. மலைச்சரிவும் அதே அளவு. அதனால் கருவியின் அச்சு புவியச்சுக்கு இணையாக அமைந்தது. இவ்வளவு பொருத்தமான சரிவைத் தேடிப் பிடித்ததே ஒரு சாதனைதான். குவியக் கோட்டில் 1056 இருமுனை ஆன்டெனாக்கள், 48 வீதம் 22 தொகுதிகளாக நிற்கின்றன. கிழக்கு மேற்காக வானைத் தொடர எந்திரம் சுழலும். வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்புவதோ கட்டமாற்றிகள். 326.5 மெகாஹெர்ட்சில் அலைநீளம் சுமார் 92 செ.மீ.; வரும் பாதையில் 46 செ.மீ. பிசகினால், சேர்க்கும்போது இரு ஆன்டெனாக்களின் குறிகைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். 1990களின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆன்டெனாவின் பின்னும் குறைஇரைச்சல் பெருக்கி வைக்கப்பட்டது. முதலில் பெருக்கி, பிறகு சேர்த்தால், சேர்ப்பில் நேரும் இழப்பு நலிந்த விண்குறிகையை விழுங்காது.

கேபிள் டிவி கண்ட்ரோல் ரூம்களில் கம்பைனர் 75 ஓமில் புழங்கியது. ஜூஜுவாடி போன்ற தமிழ்நாடு-கர்நாடக எல்லை ஊர்களில் தமிழ்ச் சேனலும் கன்னடச் சேனலும் ஒரே கம்பியில் வீட்டுக்குப் போயின. அதிர்வெண்கள் வேறுவேறு என்பதால் இவ்வகைக் கம்பைனரில் இழப்பு தவிர்க்க முடியாதது. பெருக்கி வைத்து ஈடுகட்டினார்கள். டிஜிட்டல் முறையில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் அடங்கியதால், சேர்க்க வேண்டிய குறிகைகள் குறைந்தன.

கைப்பேசிகளில் அதிர்வெண் வாரியாக வடிகட்டிச் சேர்க்கும் டிப்ளெக்சர்கள் உள்ளன. அவற்றில் இழப்பு மிகக் குறைவு.