விளக்கும் பேனும்

யாழ்ப்பாணத்துப் பெண்கள் விடுதிப் பாடசாலைகளின் வரலாறு 1824 இல் உடுவிலில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அங்கே சிறுமிகளைத் தங்கவைத்துப் படிப்பித்தார். 1913 இல் சேர் பொன். இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென விடுதியோடு கல்லூரி அமைத்தார். இவை பல மலர்களில் எழுதப்பட்டவை. எந்த மலரிலும் இடம்பெறாத விடுதிவாசி ஒன்று உண்டு. அது பேன்.

மனிதருக்கும் பேனுக்கும் உள்ள வழக்குப் பழையது. இஸ்ரேலின் லாக்கீசில் கிடைத்த, ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழைமையான தந்தச் சீப்பொன்றில், பேன் ஒழியவேண்டும் என்ற வேண்டுதல் பொறிக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் காலம் 1990 இற்குப் பிந்தியது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அருமை. ஜாம் போத்தல் விளக்கொன்றைச் சுற்றி ஐந்தாறு பேர் தலை முட்டப் படித்தோம். பேன் பாயாது, பறக்காது; தலையோடு தலை படும்போதே ஊர்ந்து மாறும். அந்தச் சிறு வெளிச்சம் எங்களைப் படிப்பித்தது, பேனையும் பரப்பியது. சனிக்கிழமைகளில் முழுகியபின் அக்காமார் படிக்கட்டில் இருந்து எங்களுக்குப் பேன் பார்த்தார்கள்.

அப்போது தீவுப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தங்கச்சி விடுதிக்கு வந்தாள். பத்து நாளில் பலருக்கும் தலைக்கடி. "அவள் கொண்டுவந்தது" என்றோம். அவளுடைய நீண்ட கூந்தல் ஒட்ட வெட்டப்பட்டது. நாங்கள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டோம்.

மருத்துவம் படித்தபோதுதான் அறிந்தேன்: முதன்முறை பேன் பற்றிய தலையில் கடி தொடங்க நான்கு முதல் ஆறு கிழமை செல்லலாம். அவளுக்கு முன்பே பேன் எங்களிடம் இருந்திருக்கவேண்டும். எங்களிடமிருந்தே அவளுக்குப் போயிருக்கவும் கூடும்.

பேன் அழுக்கின் அடையாளமல்ல. முழுகிய தலையிலும் வாழும். தலைப்பேன் நோய் பரப்புவதுமில்லை. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் செல்வதால், மருந்தை ஒருமுறை பூசி விட்டுவிடாமல் ஏழு முதல் பத்து நாளில் மீண்டும் பூசவேண்டும். ஈரத் தலையைப் பேன் சீப்பால் வாரவேண்டும். மண்ணெண்ணெய் தீ ஆபத்து. அன்னமுன்னா விதை கண்ணைப் புண்ணாக்கும். முடி வெட்டத் தேவையே இல்லை.

இந்த மலர் அந்தத் தங்கச்சியின் கைக்கும் போகலாம். பாயைத் தள்ளிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. மன்னித்துக்கொள், தங்கச்சி.