மஞ்சளின் நிறமும் மறதி நோயும்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் கிடங்குகளில் கைமாறிய மஞ்சளுக்கு விலை வைத்தது பெரும்பாலும் நிறம்தான். தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பக்கம் விளைந்த விரலி மஞ்சள் ஆலப்புழைத் துறைமுகத்தின் பெயரைச் சுமந்து கப்பலேறியது. 1920களில் பொறியாளர் பிரிஸ்டோ கொச்சியில் புதிய துறைமுகத்தை உருவாக்கத் தொடங்கிய பின் அந்த வணிகமும் மெல்ல இங்கே திரும்பியது. சரக்கின் பெயர் மட்டும் ஆலப்புழையாகவே நின்றுவிட்டது. விரலியை ஒடித்தால் உள்ளே ஆரஞ்சு கலந்த ஆழ்ந்த மஞ்சள் தெரியும். அதற்குக் காரணமான குர்குமின் இந்த ரகத்தில் 5 சதவீதத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். வெளிறிய மதராஸ் ரகத்தில் குறைவு. அமெரிக்க வணிகர்கள் உணவுக்கு நிறமூட்டவே ஆலப்புழை ரகத்தை விரும்பினார்கள். 1972இல் கோலஞ்சேரியில் தொடங்கிய சிந்தைட் போன்ற ஆலைகள் பின்னாளில் மஞ்சளின் சாற்றையே பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்தன.

மூளையைக் காக்கும் மருந்து என்ற புகழை மஞ்சளுக்குத் தேடித் தந்தது இந்தச் சந்தை அல்ல, பாட்டி வைத்தியமும் அல்ல, ஆய்வுக்கூடம். அல்சைமர் நோயோடு தொடர்புடையது டௌ என்ற புரதம். 1975இல் பன்றி மூளையிலிருந்து கண்டறியப்பட்ட அதை, பின்னர் மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தி வேண்டிய அளவு தயாரித்தார்கள். அதன் நீண்ட வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள். ஹெபாரின் சேர்த்தால் அது அல்சைமர் மூளையில் இருப்பதைப் போன்ற இழைகளாகத் திரளும். குர்குமின் அந்தத் திரட்சியைத் தடுக்கிறது, திரண்ட இழைகளையும் சிதைக்கிறது என்று 2017இல் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் காங்கோ சிவப்பைப் போலவே குர்குமினும் இழைகளில் ஒட்டும் ஒரு சாயம். இழைகளை அளக்கப் பயன்படும் தயோஃப்ளேவின் என்ற ஒளிரும் சாயத்தின் ஒளியை அது தானே விழுங்கிவிடக்கூடும். இழை குறையாமலே கணக்கு குறையும். அதே 2017இல் மருந்து வேதியியலாளர்கள் குர்குமினின் இத்தகைய ஏமாற்றுகளைத் தொகுத்து எச்சரித்தார்கள். இழைகளை மின்னணு நுண்ணோக்கியில் நேரே பார்த்தால் இந்தச் சிக்கல் இல்லை என்பது சரியான மறுப்பே. ஆனாலும் ஹெபாரின் இழைகள் நோயாளியின் மூளை இழைகளிலிருந்து வடிவில் வேறுபட்டவை என்று 2019இல் தெரிந்தது. அச்சு அசலான இழையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வெற்றிகளைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

மஞ்சள் தின்னும் இந்தியரிடம் அல்சைமர் குறைவு என்பார்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் உண்மையிலேயே குறைவாகத்தான் பதிவானது. ஆனால் நோய் வந்தவர்கள் அங்கே சீக்கிரம் இறந்துவிடுவதும் எண்ணிக்கையைக் குறைக்கும். 2005இல் வெளியான கொச்சி நகர ஆய்வில் 65 வயதைக் கடந்த 1,934 பேரைப் பரிசோதித்தார்கள்: ஆயிரத்துக்கு 33.6 பேருக்கு மறதி நோய், அவர்களில் பாதிக்கு மேல் அல்சைமர். மீன்குழம்பில் தினமும் மஞ்சள் விழும் ஊர் இது. குடல் குர்குமினை உறிஞ்சுவதில்லை, அதுதான் குறை என்று சொல்பவர்கள், உறிஞ்சும்படி மாற்றிய மாத்திரையால் நினைவாற்றல் கூடியதாக 2018இல் வெளியான லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வைக் காட்டுவார்கள். அதில் பங்கேற்றவர்கள் 40 பேர்; ஒருவருக்கும் மறதி நோய் கிடையாது. நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்த 2008 ஹாங்காங் ஆய்விலும் 2012 அமெரிக்க ஆய்விலும் பலன் தெரியவில்லை. குழம்பு மஞ்சளை யாரும் விட வேண்டாம். மறதிக்கென்று குர்குமின் மாத்திரை வாங்குவதற்கு முன் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். 2019இல் இத்தாலியில் அத்தகைய மாத்திரைகளை விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது.