தெமி-பான்சியோன்

பிரான்சில் சொந்தக் குதிரை வாங்க வசதியில்லாதவர்கள் பலர் ‘தெமி-பான்சியோன்’ எடுக்கிறார்கள். ‘தெமி’ என்றால் பாதி. ‘பான்சியோன்’ குதிரையின் தங்கலுக்கும் தீனிக்கும் லாயத்தில் கட்டும் பணம். வேர், ‘பென்தேரே’ என்ற லத்தீன் வினை: தொங்கவிடு, நிறு, செலுத்து. காசைத் தராசில் நிறுத்துக் கொடுத்த காலத்தின் தடம் அது. நம் வீட்டுப் பெரியவர்கள் மாதாமாதம் வாங்கும் ‘பென்ஷன்’ இதே வேரில் கிளைத்ததுதான்.

இப்படி இன்னொருவரின் குதிரையில் பங்கு எடுத்தவருக்கு வாரத்தில் சில நாள் சவாரி. லாயச் செலவில் ஒரு பகுதி அவர் பொறுப்பு. குதிரை என்னவோ உரிமையாளருடையதே. பெயரில் பாதி இருந்தாலும் பங்கு சரிபாதியாக இருக்கவேண்டியதில்லை. லாடத்துக்கும் மருத்துவருக்கும் யார் கொடுப்பது, குதிரை நொண்டினால் அந்த மாதப் பணம் என்னாவது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.